சுகர் வந்தவர்கள் பயத்தில் செய்யும் தவறுகள்

"கண்ணு போயிடும், கிட்னி போயிடும், காலை எடுத்துடுவாங்க." சென்னையில் ஒருவருக்குச் சுகர் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில்கூட யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். அக்கறைதான். ஆனால் கேட்டு மிரண்டவர், "ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா?" என்று டெஸ்ட்டையே தள்ளிப்போடுகிறார். எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான்.

விழித்திரை பாதிப்பு தொடக்கத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு டாக்டர் பார்த்தால்தான் தெரியும். சிறுநீரகமும் அப்படியே, ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும் முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும். கண், கிட்னி இரண்டையும் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டால், சமாளிக்கக்கூடிய கட்டத்திலேயே பிடித்துவிடலாம்.

டெஸ்ட்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருப்பவர்களும் உண்டு. மூன்று மாத சுகர் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற ரத்த டெஸ்ட் அதற்கெல்லாம் மசியாது.

அப்புறம், கால். சுகரால் நரம்பு மரத்த காலுக்குச் சூடு உறைக்காது. சித்திரை மாத மத்தியானம் மயிலாப்பூர் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றினால், வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டதே தெரியும். சாமி எங்கும் போய்விடாது, காலையிலேயே போய் வாருங்கள். கால் எரிகிறது என்று வெந்நீரில் ஊறவைப்பதும், கால் ஆணியை பிளேடால் சீவுவதும் வேண்டாம். ராத்திரி படுக்கும் முன் விரல் இடுக்கு, பாதம் எல்லாம் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

"இன்சுலின் போட்டாங்க, அப்புறம்தான் கால் போச்சு" என்பார்கள். பல வருஷம் தள்ளிப்போட்டு, புண் முற்றியபின் போட்டிருப்பார்கள். பழி மட்டும் ஊசிக்கு! மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று தானாக நிறுத்துவதும் இதே ரகம். கட்டுப்படாத சுகரும் பிபியும்தான் கிட்னியை அதிகம் கெடுக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், சுகர் மாத்திரைக்குப் பயப்படும் அதே ஆள், மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானே கேட்டு வலி மாத்திரை வாங்கி மாசக்கணக்கில் போடுவார். கிட்னிக்கு ஆகாதது அதுதான்.

பயந்து பட்டினி கிடப்பது இன்னொரு ஆபத்து. இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சுகர் 70-க்குக் கீழே போகலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி சுகரைப் பாருங்கள். வண்டி ஓட்டும்போது வந்தால், வீடு பக்கம்தானே என்று தொடராமல் ஓரமாக நிறுத்திவிடுங்கள்.