பழைய திஸ்கி கோப்புகளை மீட்ட விதம்

அப்பா 2001 வாக்கில் தட்டச்சு செய்துவைத்த கட்டுரைகளைத் திறந்தால், ஐரோப்பிய எழுத்துக் குப்பைதான் வந்தது. எச்டிஎம்எல் கோப்புக்குள் எழுத்துருவின் பெயர் இருந்ததால் திஸ்கி (TSCII, ஒருங்குறி பரவுமுன் புழங்கிய தமிழ்க் குறியீட்டு முறை) என்று புரிந்தது. லினக்ஸில், குறியீட்டு முறையை மாற்றித் தரும் ஐகான்வ் (iconv) கட்டளைக்கு மூலம் திஸ்கி, இலக்கு யுடிஎஃப்-8 (ஒருங்குறியின் ஒரு வடிவம்) என்று கொடுத்தேன். அவ்வளவுதான், எல்லாம் ஒருங்குறிக்கு வந்துவிட்டன. எழுத்துக்கு முன்னால் தனியாக நிற்கும் ஒற்றைக்கொம்புகூட 'கொ', 'மெ' என்று சரியாகச் சேர்ந்துகொண்டது. திஸ்கி அட்டவணையைத் தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசி, வெளிப்படையாக வைத்தார்கள். அதனால்தான் ஐகான்வுக்குப் பின்னால் இருக்கும் க்னூ சி நூலகத்தில் அதைச் சேர்க்க முடிந்தது.

பாமினிக் கோப்புகள் மட்டும் மசியவில்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த வெறும் எழுத்துரு அடுக்கு, ஐகான்வுக்குத் தெரியாது. அவற்றை ஓப்பன்-தமிழ் பைத்தான் தொகுப்பால் மாற்றினேன். ஆங்கிலச் சொற்கள் கலந்த வரிகளை (அப்பாவுக்கு அந்தப் பழக்கம் அதிகம்) கையால்தான் திருத்த வேண்டியிருந்தது.