விடுமுறையில் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டை ஆடப் போகிறீர்களா?

இந்த விளையாட்டில் ஒரு முழு நாள் என்பது நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம்தான். அதனாலேயே புதிதாக ஆடுபவர்கள் பரபரவென்று ஓடுகிறார்கள். தேவையே இல்லை. பண்ணையை உங்களுக்கு விட்டுப்போன தாத்தா ஆவியாக வந்து அதை மதிப்பிடுவது ஆட்டத்தின் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில்தான். அதில் குறைவாக வந்தாலும், அவர் நினைவிடத்தில் ஒரு வைரத்தை வைத்தால் மறுபடி மதிப்பிடுவார். நாள் முழுக்கக் கடற்கரையில் தூண்டில் போட்டு நின்றாலும் ஒன்றும் கெட்டுவிடாது. என்னைக் கேட்டால், இந்த ஆட்டத்தின் சுகமே அதுதான்.

பருவத்தில் மட்டும் ஒரு கண் வையுங்கள். ஒவ்வொரு பருவமும் 28 நாள். அது மாறியதும் பழைய பயிர்கள் பெரும்பாலும் பட்டுப்போகும். எனவே விதை வாங்கும்போதே விளைய எத்தனை நாள் என்று பாருங்கள். வசந்தம் 13ஆம் தேதி முட்டைத் திருவிழா வரும். ஸ்ட்ராபெர்ரி விதை அங்கே கிடைக்கும். ஒன்று 100 காசு, முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். 8 நாளில் காய்க்கும், அப்புறம் 4 நாளுக்கு ஒருமுறை. அதாவது 16ஆம் தேதிக்குள் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினால், அந்த வசந்தத்திலேயே இரண்டு முறை பறித்துவிடலாம். மழை பெய்யும் நாளில் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை.

இன்னொன்று. கணினியில் ஆடினால், படுத்துத் தூங்கினால்தான் அன்றைய ஆட்டம் சேமிக்கப்படும். நடுவில் சாப்பிடக் கூப்பிட்டால் மூடிவிடாதீர்கள். தனியாக ஆடும்போது மெனுவைத் திறந்து வைத்தாலே நேரம் நின்றுவிடும்.