பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் செப்டிக் டேங்கைப் பராமரித்து ஆற்றைக் காக்கும் முறை

பாதாளச் சாக்கடைத் திட்டம் எட்டாத பேரூராட்சிகளில், ஆறு கெடுவதற்குத் தொழிற்சாலை தேவையில்லை. வீட்டு செப்டிக் டேங்கின் வெளிப்போக்குக் குழாய் தெருச் சாக்கடையில் விடப்பட்டிருந்தாலே போதும். ஆகவே, முதலில் அந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று பார்க்கவேண்டும். அது உறிஞ்சுகுழிக்குப் போகவேண்டும். அந்தக் குழியும் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும்.

அடுத்து, இருப்பது உண்மையிலேயே செப்டிக் டேங்க்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அடியில் காங்கிரீட் தளமும் நடுவில் தடுப்புச் சுவரும் இருந்து, கழிவுநீர் ஒரு நாளாவது தங்கினால்தான் கசடு அடியில் படியும். நம் ஊர்களில் பல வீடுகளில் அந்தப் பெயரில் இருப்பது அடித்தளமே இல்லாத உறைக்குழி. "இருபது வருஷமாக ஒருமுறைகூட நிரம்பவில்லை" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட தொட்டி நிலத்தடி நீருக்குள் கசிந்துகொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளவேண்டும்.

சரியான தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலிசெய்வது அவசியம். நாற்றம் வரும்வரை, அல்லது கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து மேலேறும்வரை காத்திருந்தால், அதற்கு வெகுமுன்பே கசடு வெளிப்போக்குக் குழாய் வழியாகக் கிளம்பியிருக்கும். இடைப்பட்ட காலத்தில் ஆசிட், பினாயில் போன்றவற்றைத் தாராளமாக ஊற்றவேண்டாம். கசடைச் செரிக்கும் நுண்ணுயிர்களை அவை கொன்றுவிடும். எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்கக்கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில நொடிகளில் உயிரைப் பறிக்கும் என்பதோடு, பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

லாரி வந்து உறிஞ்சி எடுத்தபின் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில், ஆற்றின் கதி அதற்குப் பிறகுதான் தீர்மானமாகிறது. உரிமம் பெற்ற வாகனமா, சுமையை எந்தக் கசடு சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கப்போகிறது என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கத்துக்கு மாறாக மிகக் குறைந்த கட்டணம் கேட்கும் லாரி, இரவில் ஏரிக்கரையிலோ ஓடையிலோ கொட்டிவிட்டுப் போகக்கூடும்.

அருகில் நிலையம் இல்லையென்றால், பல ஊர்களுக்குப் பொதுவாக ஒன்றை அமைக்கும்படி பேரூராட்சியிடம் மனுக் கொடுக்கலாம். மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் 2017இல் தொடங்கிய நிலையம் நாளொன்றுக்கு சுமார் 23,000 லிட்டர் கசடைக் கையாளும் திறனுடன் அமைக்கப்பட்டது. அங்கே பெரிய இயந்திரங்களை நம்பாமல், கசடை உலர்களங்களில் பரப்பி, நீரை வடியவிட்டு, வெயிலில் காயவைக்கிறார்கள். சிற்றூரின் வருவாய்க்கும் மின்கட்டணத்துக்கும் பொருந்துவது இத்தகைய முறையே.

உலர்களங்கள் மழையில் மந்தமாகிவிடும் என்பதால், டேங்கைக் காலிசெய்யும் வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. நிலத்தடி நீர் ஏறியிருக்கும் நாட்களில் காலியான தொட்டி மேலெழும்பி விரிசல் விடும் அபாயமும் அப்போது இராது.