பல வண்டிகளின் பாகங்களிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள்

பழைய பாகங்களைச் சேர்த்து வீட்டுக் கொட்டகையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கட்ட முனைவோர் பெரும்பாலும் டேங்கையும் சீட்டையும் முதலில் வாங்கிவிடுகிறார்கள். அவை கடைசியாக வாங்க வேண்டியவை. முதல் தேவை, ஆவணங்கள் சரியாக உள்ள, எண் தெளிவாகத் தெரிகிற, வளையாத ஒரு சேசிஸ். எஞ்சினும் அதே வண்டியுடையதாக இருந்தால் எஞ்சின் தாங்கிகளைப் புதிதாகச் செய்யும் வேலை மிச்சமாகும் என்பதால், முதன்முறை கட்டுபவர் இவ்விரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு மற்றவற்றை மட்டும் கலப்பது நல்லது. மாற்றங்களுக்குச் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், இரும்பை வெட்டுவதற்கு முன்பே அதை விசாரித்துவிட வேண்டும்.

வேறு வண்டியின் முன் ஃபோர்க் சேசிஸின் கழுத்துக் குழாயில் பொருந்துமா என்பதை ஃபோர்க்கை அந்தக் குழாயில் தாங்கும் தண்டான ஸ்டெம்மின் நீளத்தையும் பேரிங்குகளின் உள், வெளி விட்டங்களையும் அளந்து எளிதில் அறியலாம். பொருத்திய பின் வண்டி எப்படித் திரும்பும் என்பதே கடினமான கேள்வி. கழுத்தின் நடுக்கோட்டை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் இடைப்பட்ட தூரம் டிரெயில் எனப்படும். இது மிகக் குறைந்தால் ஹேண்டில் வேகத்தில் உதறும், மிகக் கூடினால் வண்டி திரும்ப மறுக்கும். டயரோடு சேர்ந்த சக்கர ஆரத்தைக் செங்குத்திலிருந்து கழுத்து சாயும் கோணத்தின் சைனால் பெருக்கி, ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் கிளாம்பின் ஆஃப்செட்டை (கழுத்தின் நடுக்கோட்டிலிருந்து அக்குழாய்கள் முன்தள்ளி நிற்கும் தூரத்தை) கழித்து, அதே கோணத்தின் கொசைனால் வகுத்தால் இந்த அளவு கிடைக்கும். ஆரம் 300 மில்லிமீட்டர், சாய்வு 25 பாகை, ஆஃப்செட் 30 மில்லிமீட்டர் எனில் டிரெயில் ஏறத்தாழ 107. இரு ஆக்சில்களுக்கும் இடையே 1,400 மில்லிமீட்டர் உள்ள வண்டியின் முன்பக்கத்தை 25 மில்லிமீட்டர் தாழ்த்தினாலே சாய்வு ஒரு பாகை குறைந்து டிரெயில் 101 ஆகிவிடும். தோற்றத்துக்காக ஃபோர்க்கை இறக்குபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

பின் சக்கரத்தை மாற்றினால், அதைப் பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்முக்கு நடுவில் நிறுத்துவதோடு, செயின் ஓடும் பற்சக்கரங்களான இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒரே தளத்தில் கொண்டுவர வேண்டும். அதற்கான இடைவளையங்களை (ஸ்பேசர்களை) அளவு கொடுத்து லேத்தில் கடைந்து வாங்குவதே சரி, வாஷர்களை அடுக்குவது தவறு. 520, 525, 530 ஆகிய செயின்களில் கண்ணிகளை இணைக்கும் ஊசிகளுக்கு இடையே உள்ள தூரம் ஒன்றே, 15.875 மில்லிமீட்டர், அகலம் மட்டுமே வேறு. அதனால் ஒன்றின் ஸ்ப்ராக்கெட்டில் மற்றொன்று உட்கார்ந்துவிட்டது போலத் தோன்றி ஏமாற்றும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும் என்பதால், தளர்வை அந்த நிலையில் சோதிக்க வேண்டும்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே வண்டி முழுவதையும் ஒருமுறை பூட்டிப் பார்க்க வேண்டும். பின் ஷாக்குகளைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை அவை அனுமதிக்கும் உச்சம் வரை தூக்கினால் டயர் மட்கார்டில் உரசுகிறதா என்பது தெரியும். ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பினால் கேபிள்கள் இழுபடுகின்றனவா என்பதும் தெரியும்.

வெல்டிங் செய்யும் இடத்தைக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்கவே கூடாது. அது சூட்டில் சிதைந்து ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயுவைத் தரும். கழுத்து, ஸ்விங் ஆர்ம் ஆகியவற்றின் வெல்டிங்கைத் தேர்ந்தவரிடமே விட வேண்டும். பிரேக்கில், லீவரால் திரவத்தை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரும் டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரும் ஒரே வண்டியிலிருந்து வருவது பாதுகாப்பு. மாஸ்டர் சிலிண்டர் பெரிதானால் லீவர் கல்லாக இறுகி, அதே விரலழுத்தத்துக்குப் பிடிப்பு குறையும். சிலிக்கோன் வகையான டாட் 5 பிரேக் திரவத்தை டாட் 4 உடன் கலக்கக் கூடாது.

வயரிங்கில் முதன்மை ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். முதல் ஓட்டம் போக்குவரத்தில்லாத இடத்தில், குறைந்த வேகத்தில், சில நிமிடங்களே இருக்கட்டும்; திரும்பியதும் ஆக்சில், கிளாம்ப், எஞ்சின் போல்ட்டுகள் அனைத்தையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் மறுபடி சோதித்துவிட்டே அடுத்த ஓட்டத்துக்கு வண்டியை எடுக்க வேண்டும்.