பதினாறாம் வாய்ப்பாட்டு வேகம்: 50-ஐத் தாண்டிய சைக்கிள்காரருக்கு ஒரு துடிப்புக் கணக்கு

220-லிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் இதயம் துடிக்கக்கூடிய உச்ச அளவு. மார்பில் இதயத் துடிப்பை எண்ணும் பட்டை கட்டிச் சைக்கிள் ஓட்டத் தொடங்கியபோது எனக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம் இது. எனக்கு வயது 52. கழித்தால் 168. இரண்டாவது வாரமே ஓர் ஏற்றத்தின் உச்சியில் திரை 183 காட்டியது. அந்தக் கணக்குப்படி எனக்கு 37 வயதுதான். வீட்டில் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.

நான் கணக்கு வாத்தியார். சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தி, அதில் நிற்கும் ஒருவனைப் பற்றிய செய்தி இல்லை என்று 27 வருடமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் உடம்பு என்று வந்தபோது அதையே மறந்துபோனேன். இந்த 220 கணக்கு 1971-இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அதற்கென்றே ஆட்களை ஓடவிட்டு அளந்து கண்ட சமன்பாடு இல்லை. அதுவரை சேர்ந்திருந்த தரவுகளின் குறுக்கே உத்தேசமாகப் போட்ட ஒரு கோடு. 2001-இல் டனாகா என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் அதைத் திருத்தினார்கள்: 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்க வேண்டும். எனக்கு 172 வருகிறது. வயது ஏற ஏற இந்தக் கணக்குதான் பழையதைவிடப் பொருந்தும். ஆனாலும் இதுவும் சராசரிதான். ஒரே வயதுக்காரர்களுக்குள் 10 துடிப்பு மேலே கீழே இருப்பது சாதாரணம். சிலருக்கு 20 கூடப் போகும்.

என்னோடு ஓட்டும் நண்பருக்கும் 52 தான். அவர் உயிரைக் கொடுத்து மிதித்தாலும் 157-ஐத் தாண்டாது. என் எண் பெரியது என்பதால் நான் பலசாலி இல்லை. ஏற்றத்தில் அவர் முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டு போகிறேன். விஷயம் வேறு. 'உச்சத்தில் 75 சதவீதம்' என்று 168-ஐ வைத்து ஒரு பயிற்சித் திட்டம் சொன்னால் இருவருக்கும் 126 வரும். அது எனக்கு 69 சதவீதம், உலாவுகிற வேகம். அவருக்கோ 80 சதவீதம், வேர்த்துக் கொட்டுகிற வேகம். ஒரே எண், இரண்டு வேறு பயிற்சிகள்.

ஆகவே சூத்திரத்தை விட்டுவிட்டு உங்கள் எண்ணை நீங்களே அளந்துகொள்ளுங்கள். அளப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். பல வருடம் உட்கார்ந்திருந்து திரும்பி வருபவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர் எல்லோரும் கட்டாயம் பார்க்க வேண்டும். நான் இசிஜியும் டிரெட்மில் சோதனையும் எடுத்துக்கொண்ட பிறகே இறங்கினேன். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னொன்று: அந்த மாத்திரை துடிப்பை அடக்கி வைக்கும். சூத்திரமோ மற்றவர்களின் எண்களோ அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் மூச்சை வைத்தே ஓட்டலாம். அதற்கான வழி கீழே வருகிறது.

அளக்க வேண்டியது உச்சத்தை இல்லை. உச்சத்தைத் தேடிப் போவது இந்த வயதில் வீண் வேலை. தெரியவேண்டியது, சீராக அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய கடும் உழைப்பில் துடிப்பு எங்கே நிற்கிறது என்பது. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோ ஃபிரீல் பரப்பிய ஒரு முறை இதற்கு இருக்கிறது. முந்தின இரண்டு நாள் கடுமையாக ஓட்டாதீர்கள். வெயில் ஏறும் முன்பே, சிக்னல் இல்லாத நீளமான சாலைக்குப் போங்கள். வீட்டில் டிரெய்னர், அதாவது சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கி, இருந்தால் அதுவே மேல். 20 நிமிடம் மெதுவாக மிதித்து உடம்பைச் சூடேற்றுங்கள், நடுவில் இரண்டு மூன்று தடவை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். அப்புறம் 30 நிமிடம், தனியாக, கடைசி வரை அதே வேகத்தில் தாங்கும் அளவுக்கு முழு முயற்சி. 10-ஆவது நிமிடத்தில் கருவியின் லேப் பொத்தானை அழுத்துங்கள், அங்கிருந்து சராசரி தனியாக எண்ணப்படும். மிச்சமுள்ள 20 நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் உங்கள் எண்.

முதல் தடவை நான் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம் மாதிரி கிளம்பினேன். 14-ஆவது நிமிடத்தில் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் முதல் ஐந்து நிமிடத்தை, 'இது போதாதே' என்று தோன்றும் வேகத்தில் ஓட்டினேன். சரியாக வந்தது: 161.

இதை வைத்து மற்றதெல்லாம் பெருக்கல்தான். அந்த எண்ணில் 81 முதல் 89 சதவீதம் வரை சுலப ஓட்டம், சைக்கிள்காரர்கள் ஸோன் 2 என்பது. எனக்கு 130 முதல் 143. 90 முதல் 93 வரை நடுவாந்தரம். 145 முதல் 150. அதற்கு மேலே கடினம். ஃபின்லாந்தைச் சேர்ந்த கார்வோனன் 1957-இல் காட்டிய வழியிலும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மிச்சத்தில் சதவீதம் எடுத்து, ஓய்வுத் துடிப்பை மறுபடி கூட்டுவது. எனக்கு 183 கழித்தல் 54, அதாவது 129, அதில் 70 சதவீதம் 90, கூட்டினால் 144. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து முட்டின. கணக்கு வாத்தியாருக்கு அன்று தூக்கம் நன்றாக வந்தது.

இனிதான் கஷ்டமான பகுதி. மெதுவாக ஓட்டுவது.

இதற்கு முந்தின ஒரு வருடம் வாரம் மூன்று நாள் குழுவோடு போனேன். எந்த நாளின் பதிவை எடுத்தாலும் சராசரி 146, 148, 149. வீட்டுக்கு வரும்போது நன்றாக உழைத்த திருப்தி இருக்கும். ஆனால் அந்த ஒரு வருடத்தில் எங்கள் ஏற்றத்தை ஏறும் நேரம் 20 வினாடிகூடக் குறையவில்லை. காரணம் மூன்று நாளும் நடுவாந்தரத்தில்தான் இருந்தேன். சுலப நாள் தரும் நன்மை கிடைக்காத அளவுக்கு வேகம், கடின நாள் தரும் நன்மை கிடைக்காத அளவுக்கு மெத்தனம். இருபது வயதில் இந்த ஓட்டமும் எதையாவது கொடுத்திருக்கும், மறுநாளே கால் தயாராக இருந்திருக்கும். 52-இல் களைப்பு தங்கிவிடுகிறது. உயர்மட்ட வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சி நாட்களில் ஏறக்குறைய 80 சதவீதம் சுலபமானவை என்று காட்டினார். அவர்களைப் போல மணிக்கணக்காக நம்மால் ஓட்ட முடியாது. ஆனால் வாரத்தில் நான்கு நாள் ஓட்டினால் ஒரு நாள் மட்டும் கடினம் என்பதை யாரும் கடைப்பிடிக்கலாம்.

143-ஐத் தாண்டக்கூடாது என்று கிளம்பிய முதல் நாள் எனக்கு அவமானமாக இருந்தது. பின்னால் கேரியரில் மூட்டை கட்டிய ஒருவர் என்னைக் கடந்து போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்காற்றில் வேகம் 15-க்கு விழுந்தது. ஏற்றத்தில் துடிப்பு எல்லை மீறியபோது இறங்கித் தள்ளினேன். அப்போதுதான் தெரிந்தது என் சைக்கிளில் போதுமான சின்ன கியர் இல்லை என்று. பின்னால் பல்சக்கரம் பெரிதானால் கியர் சின்னதாகும். பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் மாற்றியது இந்தப் பயிற்சிக்காக நான் செய்த ஒரே உருப்படியான செலவு. கியர் சின்னதாக இருந்தால் கால் வேகமாகச் சுழலும், அழுத்தம் குறையும், துடிப்பு பிடிக்குள் நிற்கும். ஏற்றம் வருகிறது என்று தெரிந்தால் அடிவாரத்திலேயே கியரை இறக்கிவிடுங்கள். பாதி ஏறிய பிறகு துடிப்பை இறக்கப் பார்ப்பது, பொங்கிய பாலை ஊதி அடக்குவது மாதிரி.

எல்லா நேரமும் திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டாம், அது ஆபத்தும் கூட. நான் பதினாறாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்கிறேன். ஓர் பதினாறு பதினாறு, இரு பதினாறு முப்பத்திரண்டு என்று மூன்று வரி ஒரே மூச்சில் வந்தால் நான் 140-க்குக் கீழே இருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் நடுவாந்தரத்துக்குள் வந்துவிட்டேன். விடை மட்டும்தான் வருகிறது, 'முப்பத்திரண்டு' என்ற சொல்லே இரண்டாக உடைகிறது என்றால் கடினம். மாத்திரை எடுப்பவர்களுக்கு நான் சொன்ன வழி இதுதான். பாட்டு வருபவர்கள் பாடிக்கொள்ளலாம். எனக்கு வராது.

நீண்ட ஓட்டத்தில் ஒரு விசித்திரம் கவனித்திருப்பீர்கள். அதே சமதளம், அதே வேகம், ஆனால் இரண்டாவது மணி நேரத்தில் துடிப்பு தானாக ஏறும். வியர்வையில் நீர் போகப் போக ரத்தத்தின் கன அளவு குறைகிறது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் கொஞ்சம் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் அளவு குறைவதால் இதயம் எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிக்கிறது. ஒரு வெயில் நாளில் எனக்கு முதல் மணி சராசரி 134, இரண்டாவது மணி 142. 6 சதவீத ஏற்றம். நீண்ட நேர ஓட்டத்துக்கு உடம்பு நன்றாகப் பழகியவருக்கு இது 5 சதவீதத்துக்குள் நிற்கும் என்பது பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல். ஆனால் வெயில் நாளையும் குளிர்ந்த நாளையும் ஒப்பிட்டு மனம் உடையாதீர்கள். அதே 32 கிலோமீட்டர் சுற்று, அதே 138 துடிப்பு, அதே விடியற்காலை: இப்படி ஒப்பிட்டால்தான் அர்த்தம். எனக்கு அது தொடக்கத்தில் 1 மணி 31 நிமிடம் ஆனது. நான்கு மாதம் கழித்து 1 மணி 22.

கடின நாளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நான் செய்வது நான்கு நிமிடம் வீதம் நான்கு தடவை, நடுவில் மூன்று நிமிடம் இலேசாக மிதிப்பது. உச்சத்தின் 90 முதல் 95 சதவீதம், எனக்கு 165 முதல் 174. இங்கே எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு: முதல் 20 வினாடியிலேயே 165-ஐத் திரையில் பார்க்கத் துடிப்பது. இதயம் காலைவிடத் தாமதமாகத்தான் செய்தி சொல்லும். கால் முழு வேலை செய்யத் தொடங்கி ஒன்றரை, இரண்டு நிமிடம் கழித்தே எண் வந்து சேரும். அதுவரை காலையும் மூச்சையும் நம்புங்கள். நான்காவது தடவை முதலாவதைப் போலவே வந்தால் வேகம் சரி. 30 வினாடி, ஒரு நிமிட வேகங்களுக்குத் துடிப்பு மானி எதற்கும் உதவாது, கழற்றிக்கூட வைத்துவிடலாம். கடின நாளுக்கு அடுத்த இரண்டு நாளும் சுலபம் அல்லது ஓய்வு. இதில் நான் பேரம் பேசுவதில்லை.

கருவி விஷயத்தில் என் கட்சி மார்புப் பட்டைதான். கை வாட்ச் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. நடக்கும்போது நன்றாகவே காட்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டு மடங்கி, சாலை அதிர்ந்தால் குழம்பிவிடும். மூச்சுத் திணறி ஏறிக்கொண்டிருந்த ஒருநாள் என் வாட்ச் அமைதியாக 84 என்றது. அது இதயத்தை எண்ணவில்லை, பெடல் சுற்றை எண்ணிக்கொண்டிருந்தது என்பது என் ஊகம். பட்டையைக் கட்டும்போது மின்வாய்களைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள். காய்ந்த பட்டையும், காற்றில் படபடக்கும் செயற்கை இழைச் சட்டையும் முதல் பத்து நிமிடத்தில் 200-க்கு மேல் பொய் எண்களைக் காட்டும். வந்ததும் சென்சாரைக் கழற்றி, பட்டையை அலசிப் போடுங்கள். மாட்டியே வைத்தால் ஈரத்தில் பேட்டரி சீக்கிரம் தீரும்.

காலையில் எழுந்தவுடன், படுக்கையிலேயே, ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வைப்பது நல்ல பழக்கம். எனக்கு 53, 54 என்றே வரும். ஒருநாள் 61. அன்று நான்கு நிமிட ஏற்றங்கள் இருந்ததால் பொருட்படுத்தாமல் போனேன். மறுநாள் 101 டிகிரி காய்ச்சல். இதற்கு எதிர்மாறான அறிகுறியும் உண்டு: கால் கல்லாகக் கனக்கும், மூச்சு வாங்கும், ஆனால் துடிப்பு மட்டும் 140-க்கு மேல் ஏற மறுக்கும். அதைப் பார்த்து 'உடம்பு தேறிவிட்டது' என்று மகிழாதீர்கள். பெரும்பாலும் அது சேர்ந்துபோன களைப்பு. திரும்பி வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

30 நிமிடச் சோதனையை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். 161 என்பது எனக்கு 160, 162 என்றுதான் ஆடுகிறது. மாறுவது அந்தத் துடிப்பில் போகும் தூரம்.

கடைசியாக ஒன்று. வருடக்கணக்காக நீண்ட தூரம் ஓட்டும் நடுத்தர வயதினருக்கு இதயத் தாளம் தவறும் ஒரு கோளாறு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக வருகிறது. ஆகவே சும்மா போய்க்கொண்டிருக்கும்போது திரை திடீரென 210 காட்டினால், பட்டையில் கோளாறு என்று மட்டும் நினைத்து விட்டுவிடாதீர்கள். ஓரமாக நிறுத்தி, கழுத்தில் இரண்டு விரலை வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 24 எண்ணினால் 96. பட்டைதான் பொய் சொல்கிறது, நனைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். விரலுக்கும் எண்ண முடியாத வேகத்தில், ஒழுங்கில்லாமல் அடித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, அங்கேயே உட்கார்ந்து போன் செய்து நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சைக்கிளைப் பிறகு யாராவது போய் எடுத்து வரலாம்.