ஈரக் காற்றில் துப்பாக்கி போல்ட்டின் பராமரிப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிகளை விரட்ட உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்போர், குழலைத் துடைப்பதில் காட்டும் அக்கறையை, குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டும் நகரும் உலோகத் தண்டான போல்ட்டில் காட்டுவதில்லை. ஆண்டு முழுவதும் ஈரம் நிறைந்த நம் காற்றில் அங்கேயும் எளிதில் துரு பிடிக்கும்.

தோட்டாக்களை அகற்றி, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை காலியாக உள்ளதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகே போல்ட்டைக் கழற்ற வேண்டும். தோட்டாவின் அடிப்பகுதி வந்து அமரும் முகப்பிலும், வெற்றுக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியின் அடியிலும் படியும் கரிதான் மிகுந்த தொல்லை தருவது. கூடு அறையிலேயே சிக்கிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். துப்பாக்கிக்குரிய துப்புரவுத் திரவத்தில் நனைத்த பழைய பல் துலக்கியால் அவ்விடங்களைத் தேய்த்து, உலர்ந்த பருத்தித் துணியால் ஈரம் முழுவதையும் ஒற்றி எடுங்கள்.

பின்னர் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும், போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் புடைப்புகளான பூட்டுக் காதுகளின் பின்புறத்தில் சிறிதளவு கிரீஸும் போதும். தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் சுடும் ஊசி ஓடும் துளைக்குள் எண்ணெயை ஊற்றினால் தூசு ஒட்டிக் கெட்டியாகி ஊசியின் வேகத்தைக் குறைக்கும். தேங்காய் எண்ணெயை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள்; அது நாளடைவில் பிசுபிசுத்துவிடும்.

வலிமையான சுருள்வில் உள்ளே இருப்பதால், ஊசியைப் பிரிக்கும் வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது. ஈரத்தை உறிஞ்சித் தேக்கும் தோலுறையில் துப்பாக்கியை நெடுநாள் வைக்காமல், பூட்டிய இரும்புப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, மழைக்காலத்தில் அவற்றை அடிக்கடி மாற்றுங்கள்.