கரண்ட் போய் வந்தாலும் தானாக எழுந்துகொள்ளும் வீட்டு சர்வர்

வீட்டு சர்வர் பற்றிய பதிவுகள் பெரும்பாலும் டாக்கரில் (ஆப்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் மென்பொருள்) ஆரம்பித்து ஜெல்லிஃபினில் (வீட்டிலேயே படம் ஓட்டும் மென்பொருள்) முடிந்துவிடும். சென்னையில் சர்வர் படுத்துக்கொள்வது அங்கே இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கொடுப்பார்களே, அந்த மின்தடையில்தான் படுக்கும். கரண்ட் வந்த பிறகும் எழாது. நீங்கள் ஓஎம்ஆரில் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குப் போன் போட்டு, "டிவிக்குக் கீழே ஒரு கறுப்பு டப்பா இருக்கும்மா, அதில் பட்டனை அமுக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தப் போனைத் தவிர்ப்பதுதான் இந்தப் பதிவின் வேலை. கரண்ட் போனால் சர்வர் ஒழுங்காக அணைய வேண்டும், வந்தால் யாரும் தொடாமல் எழ வேண்டும். லினக்ஸ் இன்ஸ்டால் செய்யத் தெரியும், எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போகத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். காப்பி-பேஸ்ட் செய்யாமல் கையால் டைப் செய்தால்தான் பழகும்.

பெட்டி

பழைய ஆபீஸ் மினி பிசி வாங்குங்கள்: லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி, எதுவானாலும் சரி. ஆறாம் தலைமுறை ஐ5, சிப் பெயர் 'டி' என்று முடிய வேண்டும் (35 வாட் வகை). 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். ராஸ்பெர்ரி பையை நான் சொல்ல மாட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்டி கார்டு கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். அதற்கு எஸ்எஸ்டி, கேஸ், அடாப்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் விலையும் மினி பிசிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இபி பில்லை நினைத்துப் பயப்பட வேண்டாம். சும்மா ஓடும்போது 15 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.36 யூனிட், இரண்டு மாத பில்லில் சுமார் 22 யூனிட். ஆனால் அது உங்கள் கடைசி ஸ்லாபின் விலையில் ஏறும், இலவச யூனிட்டில் கழியாது.

ரிச்சி தெருவில் (சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) வாங்கினால் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, அடாப்டர் ஒரிஜினலா? டெல் பெட்டியில் வேறு அடாப்டர் போட்டால், 'அடாப்டர் வகை தெரியவில்லை, எஃப்1 அமுக்கு' என்று பூட் ஆகும்போதே நின்றுவிடும். மானிட்டரே இல்லாத சர்வரில் எஃப்1 யார் அமுக்குவது? இரண்டாவது, கீபோர்டு இல்லாமல் பூட் ஆகிறதா? சில பெட்டிகள் கீபோர்டு காணோம் என்று நிற்கும். அந்த எச்சரிக்கையை பயாஸில் (ஓஎஸ் எழுவதற்கு முன் வரும் செட்டிங் திரை) அணைக்கலாம். மூன்றாவது, மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரி, சிஆர் 2032. பெட்டிக்கு எட்டு வயசுக்கு மேல் என்றால் பேட்டரி செத்திருக்கும். பிளக் செருகியிருக்கும்வரை தெரியாது. கரண்ட் முழுசாகப் போன அன்று பயாஸ் செட்டிங் எல்லாம் அழிந்து, கடிகாரம் பல வருஷம் பின்னால் போய், சான்றிதழ் பிழைகள் வரிசையாக வரும். கேட்காமலே புதுசு போட்டுவிடுங்கள்.

பயாஸ்

பயாஸுக்குள் போக லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10. 'ஆஃப்டர் பவர் லாஸ்' என்று ஒரு இடம் இருக்கும், டெல்லில் 'ஏசி ரெகவரி'. அதில் 'பவர் ஆன்' வையுங்கள். 'லாஸ்ட் ஸ்டேட்' வைக்காதீர்கள். யூபிஎஸ் (கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி, பின்னால் வருகிறது) சொல்லி சர்வர் ஒழுங்காக அணைந்திருந்தால், கடைசி நிலை 'ஆஃப்' என்றுதானே அதன் கணக்கில் இருக்கும்? கரண்ட் வந்தாலும் ஆஃபிலேயே இருக்கும்.

ஓஎஸ்

டெபியன். உபுண்டு சர்வரும் ஓடும், ஆனால் எப்போதாவது மட்டும் தொடுகிற பெட்டிக்கு டெபியன்தான் நிம்மதி. இன்ஸ்டாலர் ரூட் பாஸ்வேர்டு கேட்கும்போது காலியாக விட்டு நகருங்கள். அப்போதுதான் உங்கள் பயனருக்கு சுடோ (நிர்வாகி) அனுமதி தானாகக் கிடைக்கும். கடைசிப் பட்டியலில் டெஸ்க்டாப் டிக்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்ஹெச் சர்வரை மட்டும் டிக் செய்யுங்கள்.

வெளி ஹார்டு டிஸ்க்: முதல் குழி

படம், போட்டோ எல்லாம் யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் இருக்கும். அதை எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) சேர்ப்பது எல்லோருக்கும் தெரியும். யூயூஐடி (டிஸ்க்கின் தனி அடையாள எண், பிஎல்கே ஐடி கட்டளை காட்டும்) போட்டு, 'டிஃபால்ட்ஸ்' என்று எழுதி முடித்துவிடுகிறோம். ஆறு மாசம் நன்றாக ஓடும். ஒருநாள் கரண்ட் வந்ததும் டிஸ்க் எழத் தாமதமாகும், அல்லது கேபிள் தளர்ந்திருக்கும். சிஸ்டம்டி (லினக்ஸில் எல்லாவற்றையும் எழுப்பும் நிரல்) 90 வினாடி காத்திருந்து பார்த்துவிட்டு, எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். அங்கே எஸ்எஸ்ஹெச் கிடையாது. மானிட்டரைத் தூக்கிவந்து மாட்டினால், ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, கன்சோலைத் திறக்க முடியாது என்று ஒரு வரி. என்டர் தட்டினால் மறுபடி அதே வரி. ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டோமே, அதன் பின்விளைவு இது. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து கோப்பைத் திருத்துவதைத் தவிர சுலபமான வழி இல்லை.

இது வராமல் இருக்க, 'டிஃபால்ட்ஸ்' பக்கத்தில் கமா போட்டு 'நோஃபெயில்' சேருங்கள். ஒரே சொல், கமாவுக்குப் பின் இடைவெளி விடக்கூடாது. இன்னொரு கமா போட்டு 'எக்ஸ் ஹைஃபன் சிஸ்டம்டி புள்ளி டிவைஸ் ஹைஃபன் டைம்அவுட்' என்பதற்கு 30 வினாடி கொடுங்கள். இனி டிஸ்க் வராவிட்டாலும் சர்வர் எழும், நீங்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

நோஃபெயில் போட்டதால் ஒரு புதுக் குழி வரும். டிஸ்க் அதற்கான காலி ஃபோல்டரில் மவுண்ட் ஆகாமலே (இணையாமலே) டாக்கர் எழுந்துவிட்டால், அந்தக் காலி ஃபோல்டரையே டிஸ்க் என்று நினைத்து எஸ்எஸ்டியில் எழுதித் தள்ளும். 256 ஜிபி நிரம்பும், போட்டோவும் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கும். டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு, அந்தக் காலி ஃபோல்டர் மேல் 'சிஹெச் ஆட்டர் பிளஸ் ஐ' கொடுங்கள். ரூட்டால்கூட அதில் எழுத முடியாது. டிஸ்க் மேலே மவுண்ட் ஆனதும் வழக்கம்போல எழுதலாம். ஒரே வரி, இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

யூபிஎஸ்

600 விஏ யூபிஎஸ் போதும். வாங்கும்போது கடைக்காரரிடம் "டேட்டா போர்ட் இருக்கா?" என்றே கேளுங்கள். "யூஎஸ்பி இருக்கு சார்" என்று செல்போன் சார்ஜ் போடும் ஓட்டையைக் காட்டுவார்கள். அது உதவாது, யூபிஎஸ் சர்வரோடு பேசும் போர்ட்தான் வேண்டும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. மினி பிசி, ரவுட்டர், ஃபைபர் டப்பா மூன்றையும் மாட்டினால் புதுசில்கூட அரை மணி, முக்கால் மணிக்கு மேல் நம்ப வேண்டாம். இந்த ஊர் வெயிலில் இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி மாற்ற வேண்டிவரும். லாஃப்டில் வைக்காதீர்கள். மேல்மாடி என்றால் மே மாசம் மொட்டைமாடிச் சூடு நேராக இறங்கும். தரையிலும் வேண்டாம், 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த ஊர் இது. இடுப்பளவு உயரத்தில் ஒரு அலமாரித் தட்டு போதும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால்? சைன் வேவ் என்றால் யூபிஎஸ்ஸை அதன் லைனில் மாட்டலாம். பழைய ஸ்கொயர் வேவ் என்றால், பல யூபிஎஸ்கள் அந்த அலையைக் கரண்ட் என்றே ஒத்துக்கொள்ளாமல் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துவிடும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள்.

யூபிஎஸ்ஸின் டேட்டா கேபிளை சர்வரில் மாட்டி, 'நட்' பேக்கேஜைப் (யூபிஎஸ்ஸைக் கேட்டு சர்வரை அணைக்கும் மென்பொருள்) போடுங்கள். எல்எஸ்யூஎஸ்பி (யூஎஸ்பியில் மாட்டியதைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் யூபிஎஸ் தெரிய வேண்டும். பிராண்டட் யூபிஎஸ் பலவற்றுக்கு 'யூஎஸ்பிஹெச்ஐடி ஹைஃபன் யூபிஎஸ்' டிரைவர். 0665:5161 என்ற எண் தெரிந்தால் அது மலிவு வகை, அதற்கு 'நட்டிஆர்வி அண்டர்ஸ்கோர் கியூஎக்ஸ்'. பிறகு நான்கு கோப்பு, எல்லாம் ஈடிசிக்குள் நட் ஃபோல்டரில்:

1. நட் புள்ளி கான்ஃப்: மோட் 'நன்' என்று இருக்கும், அதை 'ஸ்டாண்டலோன்' ஆக்குங்கள். இதை விட்டால் எதுவுமே ஓடாது.
2. யூபிஎஸ் புள்ளி கான்ஃப்: யூபிஎஸ்ஸுக்கு ஒரு பெயர், டிரைவர், போர்ட் 'ஆட்டோ', 'ஆஃப்டிலே' 60, 'ஆன்டிலே' 120.
3. யூபிஎஸ்டி புள்ளி யூசர்ஸ்: ஒரு பயனர், பாஸ்வேர்டு, அவருக்கு 'யூபிஎஸ்மான் பிரைமரி' உரிமை. பழைய பதிவுகளில் 'மாஸ்டர்' என்று இருக்கும், 2.8 பதிப்பிலிருந்து 'பிரைமரி'.
4. யூபிஎஸ்மான் புள்ளி கான்ஃப்: அதே பயனர், பாஸ்வேர்டோடு 'மானிட்டர்' என்று தொடங்கும் ஒரு வரி.

சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்து 'யூபிஎஸ்சி' கட்டளையோடு யூபிஎஸ்ஸின் பெயரைக் கொடுங்கள். நிலை 'ஓஎல்' என்றால் கரண்டில் ஓடுகிறது. சுவர் சுவிட்சை அணைத்தால் 'ஓபி' ஆக வேண்டும். பிளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த்தும் சேர்ந்து போய்விடும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம்

கரண்ட் போகிறது. பேட்டரி இறங்குகிறது, நட் சர்வரை அழகாக அணைக்கிறது. யூபிஎஸ்ஸில் இன்னும் கொஞ்சம் சார்ஜ் மிச்சம். ஐந்து நிமிஷத்தில் கரண்ட் வருகிறது. சர்வர் எழவில்லை. பயாஸில் 'பவர் ஆன்' வைத்தோமே?

வைத்தோம், ஆனால் மினி பிசியின் கண்ணுக்குக் கரண்ட் போகவே இல்லை. யூபிஎஸ் கடைசிவரை கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. பவர் போய் வந்தால்தானே 'ஆஃப்டர் பவர் லாஸ்' வேலை செய்யும்? ஆகவே சர்வர் அணைந்த பிறகு யூபிஎஸ் தன் அவுட்புட்டைத் தானே துண்டிக்க வேண்டும். ஆஃப்டிலே அதற்குத்தான்: அணையும் கடைசிக் கட்டத்தில் நட் கட்டளை கொடுத்த 60 வினாடியில் அவுட்புட் போகும். அந்த நிமிஷத்துக்குள் சர்வர் முழுசாக அணைந்துவிடும். கரண்ட் வந்த பின் ஆன்டிலே முடிந்ததும் திரும்ப வரும். ஆன்டிலே எப்போதும் ஆஃப்டிலேயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சில யூபிஎஸ் நிமிஷக் கணக்கில்தான் எண்ணும், அதனால்தான் 60, 120 என்று 60-இன் மடங்காகக் கொடுத்தேன். யூபிஎஸ்மான் கோப்பில் 'பவர்டவுன்ஃபிளாக்' வரி கமெண்ட் ஆகாமல் (முன்னால் # இல்லாமல்) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் துண்டிக்கும் கட்டளையே போகாது.

சோதிக்க 'சுடோ யூபிஎஸ்மான் ஹைஃபன் சி எஃப்எஸ்டி'. சர்வர் அணையும், ஒரு நிமிஷத்தில் யூபிஎஸ் 'டக்' என்று ரிலே சத்தத்தோடு அவுட்புட்டை நிறுத்தும், ரவுட்டர் விளக்கும் போகும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்ப வரும். முதலில் சுவர் சுவிட்ச் போட்டபடியும், பிறகு அணைத்தும், இரண்டு விதத்திலும் பாருங்கள். சில மலிவு யூபிஎஸ்கள் கரண்ட் இருக்கும்போது துண்டிக்கும் கட்டளையை மதிக்காது. உங்களுடையது அப்படி என்றால், பயாஸில் தினமும் ஒரு நேரத்துக்கு எழும் அலாரம் வையுங்கள். மதியம் 2.30 நல்ல நேரம்.

பேட்டரி கடைசிச் சொட்டு வரை காத்திருக்க வேண்டாம். யூபிஎஸ் கோப்பில் 'இக்னோர்எல்பி' சேர்த்து, 'ஓவர்ரைடு புள்ளி பேட்டரி புள்ளி சார்ஜ் புள்ளி லோ' 50 என்று வைத்தால் பாதியிலேயே அணைந்துவிடும். லெட் ஆசிட் பேட்டரிக்கும் அதுதான் நல்லது. மாட்டுவதற்கு முன் யூபிஎஸ்சி காட்டும் பட்டியலில் சார்ஜ் எண் உண்மையிலேயே இறங்குகிறதா பாருங்கள். 100-லேயே உறைந்து நிற்கும் யூபிஎஸ்ஸும் உண்டு.

நெட்வொர்க்

சர்வர் அரை நிமிஷத்தில் எழும், ஃபைபர் டப்பாவுக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். ஐபி கொடுக்க ரவுட்டரை நம்பியிருக்காமல் சர்வரிலேயே நிலையான ஐபி எழுதிவிடுங்கள், ரவுட்டர் விநியோகிக்கும் எண்களுக்கு வெளியே. வெளியிலிருந்து உள்ளே வர டெயில்ஸ்கேல் (உங்கள் சாதனங்களைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் ஆப்) போதும். பல வீட்டு இணைப்புகளுக்குத் தனி பப்ளிக் ஐபி கிடையாது, போர்ட் ஃபார்வர்டிங்கோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பின்சேர்க்கை: லேப்டாப்பில் ஓட்டுகிறவர்களுக்கு

"லேப்டாப்பிலேயே பேட்டரி இருக்கே, யூபிஎஸ் எதற்கு?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சர்வருக்கு வேண்டாம், ரவுட்டருக்குத்தான் வேண்டும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போதும், ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர் பார்த்து வாங்குங்கள். மூடியை மூடினால் தூங்காமல் இருக்க, லாகின்டி புள்ளி கான்ஃபில் 'ஹேண்டில்லிட்ஸ்விட்ச்' மதிப்பை 'இக்னோர்' ஆக்கிவிட்டு ரீபூட். கரண்ட் வந்ததும் எழ, திங்க்பேடில் 'பவர் ஆன் வித் ஏசி அட்டாச்', டெல் லாட்டிட்யூடில் 'வேக் ஆன் ஏசி'. இது இல்லாத மாடலில் அலாரம்தான் வழி.

எப்போதும் சார்ஜில் இருக்கும் பேட்டரி இந்தச் சூட்டில் உப்பிவிடும். டிஎல்பி (லேப்டாப்பின் பவரை நிர்வகிக்கும் மென்பொருள்) போட்டு, ஆதரிக்கிற மாடல்களில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். டச்பேட் மேலே எழும்பினாலோ, அடிப்பக்கம் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அன்றே அணைத்துக் கழற்றிவிடுங்கள், குத்தவோ அமுக்கவோ வேண்டாம். பேட்டரி இல்லாத லேப்டாப் இனி மினி பிசி மாதிரிதான். மேலே சொன்ன யூபிஎஸ் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள்.